பாம்புக்குத் தெளிக்க மருந்து இல்லை: வீட்டுத் தோட்டத்தில் பார்க்க வேண்டிய வேலைகள்

"பாம்பு வராமல் இருக்க எதைத் தெளிக்கலாம்?" இந்தக் கேள்விக்குப் பதில்: எதையும் தெளிக்க வேண்டாம். பூண்டுச் சாறு, சுண்ணாம்பு, கந்தகத் தூள், பாச்சை உருண்டை, மண்ணெண்ணெய், ஃபீனைல், 'பாம்பு விரட்டி' என்று பாட்டிலில் விற்கும் திரவம் எதுவுமே நம்பித் தூங்கும் அளவுக்கு வேலை செய்வதில்லை. பாம்புக்கு வாசனை நன்றாகவே தெரியும். பிளவுபட்ட நாக்கை நீட்டித் தரையிலும் காற்றிலும் உள்ள துகள்களை எடுத்து, மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்பில் ஒற்றித்தான் எலி போன தடத்தையே அது பிடிக்கிறது. ஆனால் நெடி அடிக்கிறது என்பதற்காக இரையை விட்டுவிட்டுத் திரும்பிப் போவதில்லை. தெளித்த கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு மழை பெய்தால் அந்தக் கோடும் இருக்காது.

பலன் இல்லை என்பதோடு போகட்டும் என்றால், கெடுதலும் உண்டு. பாச்சை உருண்டையைக் குழந்தை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அது இரத்தச் சிவப்பணுக்களையே உடைக்கும். பாம்பை விரட்ட ஊற்றும் கார்பாலிக் அமிலம் பட்டால் தோல் வெந்துவிடும். பாம்பின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவது அதைவிட மோசம். எரிச்சல் தாங்காமல் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது. அல்ட்ராசானிக் கருவிகளும் தண்டச் செலவு. பாம்பு கேட்பது சில நூறு ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலியை. அல்ட்ராசானிக் என்பதோ 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல். அது பாம்பின் காதுக்கு எட்டவே எட்டாது. சிறியாநங்கை நட்டால் பாம்பு வராது என்பதும் அந்தச் செடியின் அடியிலேயே பாம்பு படுத்திருப்பதைப் பார்க்கும் வரைதான். கினிக்கோழி வளர்க்கச் சொல்வார்கள். அது பாம்பைக் கண்டால் கத்தும், உண்மை. ஆனால் அதற்கு இறைக்கும் தீனிக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும்.

பாம்பு ஒரு வீட்டுக்கு வருவது மூன்று விஷயத்துக்காக: இரை, ஒளிய இடம், வெயில் காலத்தில் கொஞ்சம் ஈரமும் குளிர்ச்சியும். இவற்றில் இரைதான் முதல். எலி, சுண்டெலி, தவளை, பல்லி, கோழிக்குஞ்சு, முட்டை. ஆகவே பாம்பு வேலை என்று தொடங்கினாலும் முக்கால்வாசி எலி வேலையாகத்தான் முடியும்.

எலி வளையைக் கண்டுபிடிப்பது

நம் பக்கத்துப் பாம்புகள் பெரும்பாலும் தாமே வளை தோண்டுவதில்லை. எலி தோண்டிய வளை, கறையான் புற்று, கல் இடுக்கு, வேர் அழுகிய பொந்து இவற்றில் குடியேறும். எனவே "பாம்புப் பொந்து" என்று காட்டப்படுவது கிட்டத்தட்ட எப்போதும் எலி வளைதான். மதில் ஓரம், படிக்கட்டின் அடி, தண்ணீர்த் தொட்டியின் பக்கவாட்டு, செப்டிக் டேங்க் மூடியைச் சுற்றி, சிமென்ட் தளமும் மண்ணும் சேரும் விளிம்பு ஆகிய இடங்களில் தேடுங்கள். வளை வாயில் மண் புதிதாக, உதிரியாக இருந்தால், சிலந்தி வலை இல்லாமல் விளிம்பு வழவழப்பாக இருந்தால், அது புழக்கத்தில் இருக்கும் வளை.

சந்தேகமாக இருந்தால் ஒரு எளிய சோதனை உண்டு. பகலில், நீளமான குச்சியால் தள்ளி, கசக்கிய செய்தித்தாளை ஒவ்வொரு வளை வாயிலும் லேசாக அடைத்து மேலே கொஞ்சம் ஈரமண் போட்டுவிடுங்கள். கை வேண்டாம். மறுநாள் காலையில் எது திறந்திருக்கிறதோ அதில்தான் எலி இருக்கிறது. திறக்காதவற்றை அன்றே நிரந்தரமாக மூடலாம். திறந்தவற்றில் முதலில் எலியைப் பிடிக்க வேண்டும். எலி உள்ளே இருக்கும்போதே மூடினால் அரை அடி தள்ளி இன்னொரு வாய் திறந்துகொள்ளும்.

மூடும் முறையில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். வெறும் மண்ணை அமுக்கினால் ஓரிரவு தாங்காது. முதலில் அரைச் சாண் ஆழத்துக்காவது உடைந்த ஜல்லியைக் குச்சியால் இடித்து இறக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு மணல் கலந்த கலவை. கலவையை வாயில் மட்டும் பூசாமல் ஜல்லி இடுக்கில் இறங்கும்படி கொஞ்சம் தளர்வாகக் கலக்க வேண்டும். குழாய் சுவருக்குள் நுழையும் இடம் போன்ற சின்ன இடுக்குகளுக்கு ஸ்டீல் வூல் திணித்து அதன்மேல் கலவை பூசினால் சுண்டெலி கடித்துத் திறக்காது. ஃபோம் மட்டும் அடித்தால் அதைக் கடித்துத் தள்ளிவிட்டுப் போய்விடும்.

எலிப்பொறி வைக்கும்போது சுவருக்குச் செங்குத்தாக, இரை இருக்கும் முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். எலி சுவரை ஒட்டியே ஓடும். நடுத் தோட்டத்தில் வைத்த பொறி காற்று வாங்கும். எலிக்குப் புதுப் பொருள் என்றால் பயம். அதனால் முதல் மூன்று நான்கு நாள் பொறியை விரித்து வைக்காமல் இரையை மட்டும் வைத்துத் தின்னப் பழக்கிவிட்டு அப்புறம் விரித்தால் ஒரே இரவில் பலன் தெரியும். அணில், பறவை மாட்டாமல் இருக்கப் பொறியின் மேல் ஒரு பழைய பெட்டியை இரண்டு பக்கமும் துளை வெட்டிக் கவிழ்த்து வைக்கலாம். பெருச்சாளிக்குச் சின்னப் பொறி போதாது, பெரிய கம்பிக் கூண்டு வேண்டும்.

எலி விஷ கேக்கை நாங்கள் கடைசி வழியாகத்தான் சொல்வோம். இரத்தம் உறையாமல் செய்யும் வகை மருந்தில் எலி சாக நான்கைந்து நாள் ஆகும். அதற்குள் தள்ளாடித் திரியும் எலியை ஆந்தையோ பூனையோ பிடித்துத் தின்னும். இலவசமாக எலி பிடித்துக்கொண்டிருந்த ஆட்களை நாமே கொல்வதாகிவிடும். ஒட்டும் அட்டையை வீட்டுக்கு வெளியே வைக்கவே கூடாது. அதில் மாட்டிய எலியைத் தேடி வரும் பாம்பும் ஒட்டிக்கொள்ளும், பிறகு அதை எடுப்பது யார்?

தீனியை நிறுத்தாமல் பொறி மட்டும் வைப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைக்கிற வேலை. நாய்க்கு வைத்த உணவின் மிச்சம், பறவைக்கு இறைக்கும் தானியம், மூடாத குப்பைத்தொட்டி, மரத்தடியில் உதிர்ந்த பழம் இவை நான்கும் இருட்டுவதற்குள் அப்புறப்பட வேண்டும். கோழித் தீவனம் மூடியுள்ள தகரப் பீப்பாயில். பிளாஸ்டிக் டிரம் என்றால் எலி கடிக்கும்.

ஒளிய இடம்

விறகு, செங்கல், ஓடு, பழைய பலகை, காய்ந்த ஓலை, பூந்தொட்டி அடுக்கு. எதுவும் தரையில் படக் கூடாது, சுவரை ஒட்டியும் கூடாது. கம்பி ஸ்டாண்டில் குறைந்தது 30 செ.மீ. உயரத்தில் வைத்து, அடியில் டார்ச் அடித்தால் மறுபக்கம் தெரியும்படி விட வேண்டும். இந்த 'மறுபக்கம் தெரிய வேண்டும்' என்ற விதியைத் தோட்டம் முழுவதற்கும் வைத்துக்கொள்ளலாம். செம்பருத்தி, குரோட்டன்ஸ் போன்ற புதர்ச் செடிகளின் அடிக்கிளைகளைத் தரையிலிருந்து ஒரு அடி உயரம் வரை கழித்துவிட்டால் செடியும் அழகாக இருக்கும், அடியில் என்ன இருக்கிறதென்றும் தெரியும். புல் 10 செ.மீ.க்கு மேல் வளரக் கூடாது. வீட்டுச் சுவரைச் சுற்றி இரண்டு மூன்று அடி அகலத்துக்குச் செடியே இல்லாத வெற்றுப் பட்டை விடுங்கள். சிமென்ட் போடலாம், அல்லது 20 மி.மீ. ஜல்லி பரப்பலாம். அழகுக்காகப் பெரிய உருண்டைக் கற்களைக் குவிப்பது பாம்புக்கு வாடகையில்லா வீடு. கூரையைத் தொடும் கிளைகளையும், மதிலையும் ஜன்னலையும் இணைக்கும் கொடிகளையும் வெட்டிவிட வேண்டும். கொம்பேறி மூக்கனுக்கும் பச்சைப் பாம்புக்கும் அதுதான் ஏணி.

குவியலைக் கலைக்கும் நாளில்தான் கடி வாங்குகிறார்கள். முட்டி வரையிலான கம்பூட்ஸ், தடித்த தோல் கையுறை, நான்கடிக்குக் குறையாத பிடியுள்ள கொக்கி அல்லது மண்வாரி இல்லாமல் தொடங்க வேண்டாம். பலகையையோ கல்லையோ புரட்டும்போது எட்ட உள்ள விளிம்பைக் கொக்கியால் பிடித்து உங்கள் பக்கமாகத் தூக்குங்கள். அப்போது திறக்கும் வாய் உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும். பலகை உங்களுக்கும் பாம்புக்கும் நடுவில் கேடயமாக நிற்கும். நாம் இயல்பாகச் செய்வது இதற்கு நேரெதிர். கிட்டத்தில் உள்ள விளிம்பை விரலால் தூக்குவோம், உள்ளே இருப்பதன் முகத்துக்கு நேரே நம் விரலும் காலும் இருக்கும். மேலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள், அடியில் கைவிட்டு மொத்தமாகத் தூக்காதீர்கள். காலை ஒன்பது மணிக்கு மேல் நல்ல வெளிச்சத்தில் செய்யுங்கள்.

எருக்குழிக்கு ஒரு தனி எச்சரிக்கை. மட்கும் இலைச்சருகின் கதகதப்பு முட்டை பொரிய ஏற்றது என்பதால் சாரையும் தண்ணீர்ப் பாம்பும் அங்கே முட்டையிடும். வெள்ளையாக, தோல் போல மெத்தென்று, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருந்தால் அது பாம்பு முட்டையாக இருக்க வாய்ப்பு அதிகம். கை வைக்க வேண்டாம். நல்ல பாம்பு முட்டையை விட்டு அகலாமல் பக்கத்திலேயே இருப்பதுண்டு. சுவர் இடுக்கிலும் ஸ்விட்ச் பாக்ஸிலும் இரண்டிரண்டாகக் கிடக்கும் கெட்டியான குட்டி உருண்டை முட்டைகள் பல்லியுடையவை, அதற்காக யாரையும் கூப்பிட வேண்டாம். பூந்தொட்டி மண்ணில் மண்புழு போல, கறுத்து வழவழவென்று நெளிந்தோடும் புழுப்பாம்பும் அப்படித்தான். எறும்பு முட்டையும் கறையானும் தின்னும் அப்பாவி. குட்டிப் பாம்பு என்று அடித்துப் போடுகிறார்கள்.

பென்சில் சோதனை

இடுக்குகளை எந்த அளவு வரை அடைப்பது? ஒரு பென்சில் நுழைந்தால் அடைக்க வேண்டும். பாம்புக் குட்டிக்கு அவ்வளவு இடம் போதும். கண்ணாடி விரியன் குட்டியாகவே ஈனும், ஒரே ஈற்றில் 20 முதல் 40 வரை. நல்ல பாம்பு முட்டையிடும். பிறந்த அன்றே இரண்டுக்கும் விஷம் உண்டு. அதனால் கம்பி வலை வாங்கும்போது கண்ணி 6 மி.மீ., அதற்கு மேல் வேண்டாம். சுண்டெலியும் கிட்டத்தட்ட இதே அளவில்தான் தடைபடும், ஒரே செலவில் இரண்டு வேலை.

கதவடி இடைவெளிதான் வீட்டுக்குள் வரும் பாம்புகளின் முக்கிய வாசல். ரப்பர் பட்டை அல்லது பிரஷ் பட்டை அடித்துவிட்டு, இரவில் உள்ளே விளக்கைப் போட்டு வெளியிலிருந்து பாருங்கள். ஒளிக்கோடு தெரியும் இடமெல்லாம் இன்னும் ஓட்டை. பெரும்பாலும் இரண்டு மூலைகளிலும் பட்டை அரை அங்குலம் குறைவாக இருக்கும். அடுத்தது குளியலறைத் தண்ணீர் வெளியேறும் குழாய். அதன் வெளிமுனையில் வலை கட்ட வேண்டும், ஆனால் கழற்றி மாட்டும்படி கிளாம்ப் போட்டு. நிரந்தரமாக ஒட்டிவிட்டால் தலைமுடியும் சோப்புக் கசடும் அடைத்துக்கொண்டு தண்ணீர் நிற்கும், கோபத்தில் வலையைப் பிய்த்து எறிவீர்கள், பழையபடி திறந்த குழாய். உட்பக்கத் தரைத்துளைக்குத் திருகி மூடும் ஜாலி போதும். இன்னும் பார்க்க வேண்டியவை: ஏ.சி. குழாய் போகும் துளை, சமையலறைச் சிங்க்கின் அடி, கேட்டுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, மதிலில் மழைநீர் வடிய விட்ட துளைகள், செப்டிக் டேங்க் காற்றுக்குழாயின் மேல்முனை, மீட்டர் குழி.

தோட்டத்தில் பறவைக்கும் கொடிக்கும் கட்டும் நைலான் வலை தரையில் தொங்கக் கூடாது. பாம்பு தலையை நுழைத்துப் போகும், உடல் தடித்த இடத்தில் இறுகும், பின்வாங்க முயன்றால் செதிலில் மாட்டும். உயிரோடு துடித்துக்கொண்டிருக்கும் பாம்பை வலையிலிருந்து எடுப்பது எந்த வீட்டுக்காரரும் செய்யக் கூடாத வேலை.

வேலி போட வேண்டுமா?

முழு மனையைச் சுற்றியும் பாம்பு வேலி என்பது செலவுக்கும் பராமரிப்புக்கும் கட்டுப்படியாகாது என்பதே எங்கள் கருத்து. குழந்தைகள் விளையாடும் இடம், கோழிக்கூடு என்று சின்ன இடத்துக்குப் போடலாம். 6 மி.மீ. கண்ணியுள்ள துத்தநாகம் பூசிய கம்பி வலை, தரைக்கு மேல் 90 செ.மீ., மண்ணுக்குள் 15 செ.மீ. வலை நேராக நிற்காமல் வெளிப்பக்கம் 30 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும், கம்பங்கள் உட்பக்கம் இருக்க வேண்டும். கம்பத்தை வெளியில் நட்டால் அதைப் பிடித்தே ஏறிவிடும். வேலி தோற்பது எப்போதும் மூன்று இடத்தில்: கேட்டின் அடி, வலையின் மேல் சாய்ந்து வளர்ந்த புல், மழைக்குப் பின் எலி தோண்டிய சந்து. வாரம் ஒருமுறை சுற்றிப் பார்க்காதவர் வேலி போட வேண்டாம். மரமேறும் பாம்புகளுக்கு இதுவும் பெரிய தடையில்லை.

எந்தப் பாம்பு?

உயிருக்கு ஆபத்தான கடிகளில் பெரும்பாலானவை நான்கு பாம்புகளால் வருபவை: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கண்ணாடி விரியனுக்கு முக்கோணத் தலை, பழுப்பு உடலில் மூன்று வரிசையாகச் சங்கிலி போன்ற நீள்வட்டப் புள்ளிகள். பிரஷர் குக்கர் போலச் சீறும். பருத்து மந்தமாகக் கிடக்கும் மண்ணுளியையும் இதையும் குழப்பிக்கொண்டு கையில் எடுத்தவர்கள் உண்டு. சுருட்டை ஒன்றரை, இரண்டு அடிதான். சுருண்டு உடலை உடலோடு உரசி 'சரசர' என்று ஒலியெழுப்பும். சாரையை நல்ல பாம்பென்று அடிப்பது நாள்தோறும் நடக்கிறது. சாரைக்குப் படம் கிடையாது, கண் பெரிது, கழுத்து ஒடுங்கியிருக்கும், உதட்டுச் செதில்களின் விளிம்பில் கறுப்புக் கோடுகள் இருக்கும். பகலில் திரியும். இரண்டு பாம்பு பின்னிக்கொண்டு எழுந்து ஆடினால் அது அநேகமாக இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தம், காதல் இல்லை.

கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டியது கட்டு விரியன். பளபளக்கும் கருநீலம், குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள், பெரும்பாலும் இரட்டை இரட்டையாக. தலைப்பக்கம் கோடுகள் மங்கி அல்லது இல்லாமலே இருந்து வால் பக்கம் போகப் போகத் தெளிவாகும். இதைப் போலவே வேஷம் போடும் விஷமற்ற ஓநாய்ப் பாம்புக்கு, அதாவது வெள்ளிக்கோல் வரையனுக்கு, நேர்மாறு: கழுத்தருகே பட்டைகள் அகலமாகத் தெளிவாக இருந்து வால் பக்கம் மங்கும். சுவரில் ஏறுவதும் இதுதான் அதிகம். உரித்த சட்டை கிடைத்தால் இன்னும் உறுதியாகச் சொல்லலாம். முதுகின் நடுக்கோட்டில் ஒரு வரிசைச் செதில் மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக, அறுகோணமாக இருந்து, வாலின் அடியில் செதில்கள் இரண்டாகப் பிரியாமல் ஒற்றையாக இருந்தால் அது கட்டு விரியன் சட்டை. சட்டை உரியும்போது நீளும் என்பதால் பாம்பு அதைவிடக் கொஞ்சம் குட்டையாகத்தான் இருக்கும். தொட்ட பிறகு கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இதெல்லாம் தெரிந்துகொள்ளத்தான், பக்கத்தில் போய்ச் சரிபார்க்க அல்ல. எது என்று நிச்சயமில்லாத பாம்பு விஷப் பாம்பு என்றே கணக்கு.

கண்ணில் பட்டால்

தோட்டத்தில் பார்த்தால் நின்றுவிடுங்கள். பின்பக்கமாக மெதுவாக விலகிப் பாம்பின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்காவது வந்துவிடுங்கள். பாய்ந்து கொத்தும் தூரம் பொதுவாக உடல் நீளத்தில் பாதியைத் தாண்டாது. குழந்தைகளை உள்ளே அனுப்பி, நாயைக் கட்டுங்கள். பிறகு அதற்கு வழி விட்டால் போதும், பெரும்பாலும் போய்விடும். சாரை என்று உறுதியாகத் தெரிந்தால் தொந்தரவு செய்யாமல் விடுவதே லாபம். ஆனால் அது அடிக்கடி வருகிறதென்றால் எலி வளை மீதமிருக்கிறது என்று பொருள்.

வீட்டுக்குள் என்றால் முதல் விதி: பாம்பின் மேலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. எல்லாரும் கம்பு தேட ஓடிவிட்டுத் திரும்பி வரும்போது பாம்பு இருக்காது, பிறகு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. ஒருவர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருக்க, மற்றவர் மற்ற அறைக் கதவுகளைச் சாத்தி, கதவடியில் ஈரத்துண்டைச் சுருட்டி அடைக்க வேண்டும். வெளிவாசல் திறந்திருக்கட்டும். வனத்துறைக்கோ பயிற்சி பெற்ற பாம்பு பிடிப்பவருக்கோ பேசுங்கள். இந்த எண்களை இன்றே போனில் ஏற்றிவையுங்கள். பாம்பு அலமாரிக்கோ ஃபிரிட்ஜுக்கோ அடியில் போய்விட்டால் அதைச் சுற்றித் தரையிலும் வெளிவாசற்படியிலும் ஒரு சாண் அகலத்துக்கு மெல்லியதாக மாவு தூவிவிடுங்கள். வெளியேறினால் தடம் சொல்லும், தடமில்லை என்றால் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நல்ல பாம்பு பிடிப்பவர் கொக்கியும், குழாயோடு இணைத்த பையும் கொண்டு வருவார். இருட்டான துளையைக் கண்டால் பாம்பு தானாக உள்ளே போகும், தொடவே வேண்டியதில்லை. கழுத்தைப் பிடித்துத் தூக்கி செல்ஃபிக்கு நிற்பவரைக் கண்டால் உடனே பையில் போடச் சொல்லுங்கள். அடித்துக் கொல்வதை இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், கம்போடு கிட்டே போகிறவர்தான் கடி வாங்குகிறார். செத்த பாம்பின் தலைகூட வெட்டிய பிறகும் வெகுநேரம் அனிச்சையாகக் கடிக்கும். விஷமும் இறங்கும்.

இரவுப் பழக்கங்கள் சிலவற்றை மாற்றினால் பாதி ஆபத்து போய்விடும். டார்ச் இல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது, குழாயடிக்கும் கழிப்பறைக்கும்கூட. வெளியில் கிடக்கும் ஷூவைத் தட்டாமல் கால் விடக் கூடாது. வெறுந்தரையில் படுக்கக் கூடாது. கட்டு விரியன் இரவில் இரை தேடி வருவது தூங்குகிறவரின் பாயோரமாகத்தான். கட்டிலும், மெத்தைக்கு அடியில் நான்கு பக்கமும் செருகிய கொசுவலையும் அதற்கு நல்ல காவல். வலையைச் செருகாமல் தொங்கவிட்டால் பயனில்லை. மழைக்காலத்தில் முதல் பெருமழைக்கு வளைகளில் தண்ணீர் ஏறியதும் எல்லாம் மேட்டைத் தேடி வெளியே வரும். அந்த வாரம் திண்ணை, படிக்கட்டு, வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் கூடுதல் கவனம்.

கடித்துவிட்டால்

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். இதில் தாமதத்துக்கும் தவறான முதலுதவிக்கும் பெரிய பங்குண்டு. கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது: கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியில் கட்டுப்போட்ட பகுதி அழுகும். கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, ஐஸ் வைக்கக் கூடாது, பச்சிலை அரைத்துக் குடிக்கக் கூடாது.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மோதிரம், வளையல், கொலுசு, கடிகாரம் எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். கடிபட்ட கை அல்லது காலுக்கு எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோலப் பலகை வைத்துத் தளர்வாகத் துணி சுற்றி அசையாமல் வையுங்கள். நடக்கவிடாதீர்கள். பைக்கில்தான் போக முடியும் என்றால் ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவில் உட்காரவையுங்கள். வாந்தி வந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பைத் தேட வேண்டாம். எட்ட நின்று ஒரு போட்டோ எடுக்க முடிந்தால் சரி, இல்லையென்றாலும் சிகிச்சை நிற்காது. இந்தியாவில் தரப்படும் விஷமுறிவு மருந்து மேலே சொன்ன நான்கு பாம்புகளுக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுவது. மருத்துவமனையில் கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. இரத்தம் எடுத்து 20 நிமிடம் ஆட்டாமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். உறையாவிட்டால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் வேலை செய்கிறது என்று அர்த்தம். மருந்து ஒரு ஊசியோடு முடிவதில்லை, தொடக்கமே பொதுவாக 8 முதல் 10 குப்பி. ஆகவே அருகில் எந்த மருத்துவமனையில் அது கையிருப்பில் இருக்கிறது என்பதை முன்பே விசாரித்து வைத்திருங்கள். வழியில் மருந்தில்லாத கிளினிக்கில் நின்று போவது வீண்.

கட்டு விரியன் கடி வலிக்காது, வீங்காது, பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். இரவு தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்து, இமை தானாகக் கீழிறங்கி, பேச்சு குழறினால் பாம்புக்கடி என்றே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். அறிகுறி தெரிய சில மணி நேரம் ஆகலாம் என்பதால், ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றினாலும் 24 மணி நேரம் மருத்துவமனைக் கண்காணிப்பில் இருந்துவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும்.